ஒன்பதாம் மாடிக் குமிழ்

ஏப்ரல் பதினான்கு. செயின்ட் லூயிஸில் இன்னும்
காலையில் கோட்டு, மதியம் அரைக்கை.
இந்த ஊர் ஒரு முடிவுக்கு வருவதற்குள்
நாங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

கூரைமேல் கூலிங் டவர்.
அக்டோபரில் வடித்துவிட்டுப் போன வயிறு.
அடியில் நாலு விரல் ஆழத்துக்குச் சேறு:
போன ஜூனில் பறந்துவந்த காட்டன்வுட் பஞ்சு,
ஆற்றுப் பக்கத்துப் புழுதி, ஒரு பேனா மூடி,
சிகரெட் துண்டுகள்
(இங்கே புகைக்கக் கூடாது, ஓட்டிஸ்).
மண்டியிட்டு அள்ளினேன்.
எட்டாவது வாளியில் முதுகு பேச ஆரம்பித்தது,
பொஸ்னிய மொழியில்.

கீழே சில்லரின் மூடியைக் கழற்றி
குழாய் குழாயாகத் தூரிகை விடுகிறான் ஓட்டிஸ் வோஃபர்ட்.
இருநூற்று எண்பது குழாய்.
ஒவ்வொன்றின் உட்சுவரிலும் சுண்ணாம்பு.
முதல் நூறு வரை பேஸ்பால் பேசுவான்.
அப்புறம் எண்ணிக்கை மட்டும்.

எண்ணெய்க்கான ஹீட்டரை நேற்றே போட்டாயிற்று.
குளிரவைக்கும் எந்திரத்தை எழுப்ப
முதல்நாளே அதன் எண்ணெயைச் சூடாக்க வேண்டும் என்றால்
ஸெனிட்சாவில் இருக்கும் என் அக்கா நம்புவதில்லை.
"இதற்குச் சம்பளம் வேறா?" என்கிறாள்.

படியில் மேலாளர் ஹோல்ட்கேம்ப் மறித்தார்.
பதினெட்டு மாடியில் பதினொன்று காலி.
காலி மாடிக்கு எதற்குக் குளிர்?
நியாயமான கேள்விதான்.
ஜூலைப் புழுக்கம் வாடகை ஒப்பந்தம் படிப்பதில்லை,
ஆள் இல்லாத கம்பளத்தில் பூஞ்சை குடியேறும்,
அது முன்பணமும் தராது என்றேன்.
சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

ஒன்பதில் லிஃப்ட் கதவு திறந்ததும்
கூரைவிளக்குகள் ஒவ்வொன்றாக விழித்து
நான் மட்டும்தானா என்று பார்த்தன.
காப்பீட்டு நிறுவனம் இருந்த இடம்.
ஒரு நாற்காலி முதுகில் சாம்பல் நிற ஸ்வெட்டர்
இரு கைகளையும் தொங்கவிட்டு.

லூவெல்லா ப்ரூயிட்.
ஜூலை தோறும் அவளிடமிருந்து போன் வரும்:
"வெளியே நூறு டிகிரி, செனாடா.
நான் இங்கே கம்பளி போர்த்திக்கொண்டு டைப் அடிக்கிறேன்."
ஆறு வருடம் முன்பு அவள் மேசையருகே
சுவரில் ஒரு குமிழ் பொருத்தினேன்.
எண்கள் உண்டு. குட்டிப் பச்சை விளக்கு,
அதற்கு மட்டும் ஒரு பாட்டரி.
பின்னால் கம்பி கிடையாது.
எங்கள் தொழிலில் பலர் செய்வது,
யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

மறுநாள் மாலை அழைத்தாள்:
"இப்போதுதான் உடம்பில் உயிர் வந்தது."
கிறிஸ்துமஸுக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்தாள்.
தின்றேன். நன்றாகவே இருந்தது.

குமிழ் எழுபத்தாறில் நிற்கிறது.
கழற்றினேன்.
பின்தட்டில் என் கையெழுத்து: ஜூலை 9.

காற்று வரவில்லையே என்று நிமிர்ந்தேன்.
வடிகட்டி மாற்ற எத்தனை முறை வந்திருப்பேன்,
இந்த மூலையை அண்ணாந்து பார்த்ததில்லை.
துளை முழுவதையும் மூடி ஓர் அட்டை,
மூன்று சுற்று டேப்.
ஏணி போட்டுப் பிரித்தேன்.
கூரியர் பெட்டியில் வெட்டிய துண்டு.
சீட்டில் அவள் பெயர். வந்து சேர்ந்த தேதி
ஜூலை 10.

அப்படியானால்
அந்த பிஸ்கட்?

ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம்
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
ஸ்வெட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே போய் வால்வைத் திறந்தேன்.
குழாய் முதலில் காற்றைத் துப்பியது,
பிறகு துருவை,
பிறகுதான் தண்ணீரை.
விசிறி ஒரு சுற்று யோசித்துவிட்டுச் சுழன்றது.
பதினொன்றரைக்கு ஏட்டில் எழுதினேன்:
வெளியேறும் நீர் 44 டிகிரி. சத்தம் இயல்பு.

பதினொன்று ஐம்பதுக்கு நான்காம் மாடியிலிருந்து போன்.
புதுக் குரல், சின்ன வயது.
தொந்தரவுக்கு மன்னிக்கணும்,
எனக்கு மட்டும்தானா தெரியவில்லை,
இங்கே ரொம்பக் குளிருது.

வருகிறேன் என்றேன்.
குமிழ் என் பையில்தான் இருந்தது.

ஓட்டிஸ்,
அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டாயா?